எபிரேய அரிய நூல்களும் அவற்றின் முன்னை உடைமையாளர்களும்

முன்னுரை

பழைய நூலொன்றை ஆராய்வோர் பெரும்பாலும் அதன் ஆசிரியர், காலம், பாடவேறுபாடு ஆகியவற்றையே நோக்குவர். அந்நூற்படி யார் யாரிடம் இருந்தது, எவ்வெவ்வூர்களைக் கடந்து இன்றுள்ள இடத்தை அடைந்தது என்னும் வினாக்கள் நெடுங்காலம் பின்னிடத்திலேயே இருந்தன. எபிரேய நூல்களைப் பொறுத்தவரை இவ்வினாக்களைப் பின்தள்ளுதல் இயலாது. யூதர்கள் ஊர்விட்டு ஊரும் நாடுவிட்டு நாடும் பெயர்ந்தபோதெல்லாம் அவர்தம் நூல்களும் பெயர்ந்தன. ஓர் ஊரின் யூதச் சமூகம் முற்றிலும் மறைந்த பின்னரும் அச்சமூகத்தாரின் பெயர்கள் நூல்களின் முதல் தாளிலும் இறுதித் தாளிலும் தங்கியிருப்பதைக் காண்கிறோம்.

இந்நூல்களைத் தேடித் தொகுத்தோர் பலர். அவர்களின் முயற்சியால் அழிவினின்று தப்பிய நூல்கள் மிகுதி. எனினும் தொகுப்பில் சேர்ந்ததும் நூல் தொகுத்தவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதனை முன்னர் வைத்திருந்தோர் பெயர்கள் மறைந்துவிடுகின்றன. எபிரேய நூல்களின் உடைமை வரலாற்றை அறிய உதவும் சான்றுகள் யாவை, அவை எவற்றை வெளிப்படுத்துகின்றன, தொகுப்பாளர்க்கு அவற்றின்பால் உள்ள கடமை யாது என்பவற்றைச் சில எடுத்துக்காட்டுகளின் வழி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். சுவடியியலில் ஈடுபடுவோர்க்கும் இவ்வாய்வு முறை பயன்படக்கூடும்.

எபிரேய அச்சும் நூல்களின் சிதறலும்

காலம் குறிக்கப்பட்ட முதல் எபிரேய அச்சுநூல்கள் 1475இல் இத்தாலியில் வெளிவந்தன. ரெஜ்ஜோ டி கலாப்ரியா என்னும் ஊரில் ராஷியின் தோரா உரை அச்சாயிற்று. அதே ஆண்டில் பியோவே டி சாக்கோ என்னும் ஊரில் யாக்கோபு பென் ஆஷர் இயற்றிய சட்டநூல் அச்சாயிற்று. 1488இல் சொன்சினோ ஊரில் எபிரேய விவிலியம் முழுமையாக அச்சேறியது. 1500ஆம் ஆண்டு வரை வெளிவந்த எபிரேயப் பதிப்புகளாக இன்று அறியப்படுபவை ஏறத்தாழ 140. இவற்றுட் சில ஒரிரு படிகளாகவோ சில தாள்களாகவோ மட்டுமே எஞ்சியுள்ளன.

இவ்வருமைக்குக் காரணங்கள் பல. நூல்கள் நாள்தோறும் ஓதப்பட்டுத் தேய்ந்தன. 1492இல் ஸ்பெயினிலிருந்து யூதர்கள் வெளியேற்றப்பட்டபோது நூல்களும் சிதறின. இவற்றினும் கொடியது நூலெரிப்பு ஆகும். 13ஆம் நூற்றாண்டிலேயே பாரிசு நகரில் தல்மூத் சுவடிகள் வண்டி வண்டியாகக் கொண்டுவரப்பட்டு எரிக்கப்பட்டன. 1553 செப்டம்பரில் உரோமை நகரின் சந்தைவெளியிலும், அதனையடுத்து வெனிசு முதலிய நகரங்களிலும் அச்சிட்ட தல்மூத் நூல்கள் தீக்கிரையாயின. ஆதலின் அக்காலத்துக்கு முற்பட்ட இத்தாலிய எபிரேய நூற்படி ஒன்று இன்று கிடைக்குமாயின், அதனை யாரோ எங்கோ காத்து வைத்திருந்தனர் என்பது உறுதியாகிறது. காத்தவர் யார் என்னும் வினா இயல்பாகவே எழுகிறது.

உடைமையைக் காட்டும் சான்றுகள்

உடைமை வரலாற்றுச் சான்றுகளை நான்காகப் பகுக்கலாம். அவை உடைமையாளர் எழுதிய குறிப்புகள், தணிக்கையாளர் கையொப்பங்கள், நூற்கட்டு, முத்திரைகளும் உடைமைச் சீட்டுகளும் என்பன.

நூலில் தம் பெயரை எழுதிவைத்தல் யூதரிடையே பரவலாக வழங்கிய மரபு. தெருவில் செல்லும் யாரேனும் வந்து நூலைத் தமது என்று உரிமை கொண்டாடாதிருக்க உடைமையாளர் பெயரெழுத வேண்டும் என்னும் கருத்தமைந்த வாய்பாடு ஒன்று எண்ணற்ற நூல்களின் முன்தாள்களில் காணப்படுகிறது. உலகும் அதிலுள்ளனவும் இறைவனுக்கே உரியன என்னும் பொருள்படும் சங்கீத அடியை முதலில் எழுதி, அதன்பின் தம் பெயரைத் தாழ்மையுடன் சேர்ப்பாரும் உண்டு. தம் பணத்தால் வாங்கியது, தந்தை சொத்துப் பங்கீட்டில் கிடைத்தது, மணப்பரிசாக வந்தது என நூலைப் பெற்ற முறையையும் எழுதினர். மக்கள் பிறந்த நாளையும் பெற்றோர் இறந்த நாளையும் அதே தாள்களில் பதிந்தோர் உளர். இவ்வகையில் நூலின் வெற்றுத்தாள் குடும்பப் பதிவேடாகவும் பயன்பட்டுள்ளது.

இக்குறிப்புகளில் ஆண்டைக் கணிக்கும் முறையை அறிதல் இன்றியமையாதது. தமிழில் க, உ, ங என எழுத்து வடிவங்களே எண்களாக நிற்றல் போல எபிரேயத்திலும் எழுத்துகளுக்கு எண்மதிப்பு உண்டு. யூதர் ஆண்டைப் படைப்புக் காலந்தொட்டு எண்ணுவர். ஆயிரங்களை விடுத்து எஞ்சியதை மட்டும் எழுதுதல் பெருவழக்கு. சான்றாக 300, 80 ஆகியவற்றைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள் இருப்பின் அது 5380ஆம் ஆண்டாகும். 380உடன் 1240ஐக் கூட்டினால் 1620 கிடைக்கும். யூத ஆண்டு இலையுதிர் காலத்தில் தொடங்குவதால் அக்குறிப்பு 1619இன் இறுதித் திங்களில் எழுதப்பட்டதாகவும் இருக்கலாம். ஊர்ப்பெயர் இல்லாதவிடத்து எழுத்தமைதி உதவுகிறது. செருமானிய, ஸ்பானிய, இத்தாலிய யூதர்களின் விரைவெழுத்துகள் தம்முள் வேறுபட்டவை. எனவே வெனிசு நகரில் அச்சான நூலொன்றில் போலந்து நாட்டார் கையெழுத்து இருப்பின், அந்நூல் மலைகடந்து வடக்கே சென்றதை உய்த்துணரலாம்.

தணிக்கையாளர் கையொப்பங்கள் இரண்டாம் வகை. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் இத்தாலிய யூதர்கள் தம் நூல்களைத் திருச்சபையின் தணிக்கைக்கு உட்படுத்த நேர்ந்தது. தணிக்கையாளருட் பலர் கிறித்தவம் தழுவிய யூதர். அவர்களுள் தொமெனிக்கோ ஜெரோசொலிமிதானோ குறிப்பிடத்தக்கவர்; நீக்கத்தக்க பகுதிகளின் பட்டியல் ஒன்றையும் அவர் தொகுத்தார். தணிக்கையாளர் உரிய அடிகளை மையால் அழித்து, இறுதித் தாளில் பெயரும் ஆண்டும் எழுதினர். ஒரே நூலில் இரண்டு மூன்று தணிக்கையாளர் கையொப்பங்கள் இருத்தலும் உண்டு. உடைமையாளரை ஒடுக்க எழுந்த இக்கையொப்பமே, இன்ன ஆண்டில் அந்நூல் இத்தாலியில் இருந்தது என்பதற்கு இன்று சான்றாகிறது. பல படிகளில் அழிப்பு மை காலப்போக்கில் வெளிற, அடியிலுள்ள அச்செழுத்துகள் மீண்டும் படிக்கத்தக்கனவாக உள்ளன.

நூற்கட்டின் தோல், அதன்மேற் பதித்த கோலங்கள், கட்டினுள் வலுவூட்ட ஒட்டிய பழந்தாள்கள் ஆகியன மூன்றாம் வகை. நிறுவன முத்திரைகளும் அச்சிட்ட உடைமைச் சீட்டுகளும் நான்காம் வகை. இவ்விரண்டின் பயனைப் பின்வரும் எடுத்துக்காட்டுகள் காட்டும்.

நிறைவேறாத ஒரு நிபந்தனை: சசூன் சுவடி

கையெழுத்துச் சுவடிகளின் உடைமைக் குறிப்புகளுக்குச் சிறந்த சான்று சசூன் சுவடி. இது 9ஆம் நூற்றாண்டின் இறுதியிலோ 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுதப்பட்ட எபிரேய விவிலியம். சில தாள்கள் தவிர ஏறத்தாழ முழுமையாக உள்ளது. இதனுள் அடுத்தடுத்து எழுதப்பட்ட குறிப்புகள் இதன் பயணத்தைத் தெரிவிக்கின்றன. கலஃப் பென் ஆபிரகாம் என்பவர் இதனை ஈசாக்கு பென் எசேக்கியேல் அல்-அத்தார் என்பவர்க்கு விற்றார். அவர் தம் மக்கள் இருவர்க்கும் இதனை உரிமையாக்கினார். பின்னர் இது வடகிழக்குச் சிரியாவில் இருந்த மக்கிசின் ஊரின் யூதத் தொழுகைக்கூடத்திற்கு உரியதாயிற்று. அக்கூடம் அழிந்தபின், சலாமா பின் அபி அல்-ஃபக்ர் என்பவரிடம் இச்சுவடி ஒப்படைக்கப்பட்டது. கூடம் மீண்டும் கட்டப்படும்போது அவர் இதனைத் திருப்பித்தரல் வேண்டும் என்பது நிபந்தனை.

மக்கிசின் கூடம் மீண்டும் எழவில்லை. சுவடி 1929இல் விற்பனைக்கு வந்தபோது டேவிட் சாலமன் சசூன் 350 பவுண்டுக்கு இதனை வாங்கினார். அவர் 1880இல் மும்பையில் பிறந்தவர். பாக்தாதிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மும்பை வந்து வணிகத்தில் தழைத்த சசூன் குடும்பத்தினர். பின்னர் இலண்டனில் வாழ்ந்த அவர் நூற்றுக்கணக்கான எபிரேயச் சுவடிகளைத் தொகுத்து, 'ஓகல் தாவீது' என்னும் விரிவான அட்டவணையை 1932இல் இரு தொகுதிகளாக வெளியிட்டார். இச்சுவடிக்கு அவர் இட்ட எண் 1053. அவர் மறைவுக்குப்பின் சுவடி 1978இல் பிரிட்டிஷ் இரயில்வே ஓய்வூதிய நிதியத்திற்கும் 1989இல் தனியார்க்கும் கைமாறியது. 2023 மே திங்களில் நியூயார்க்கு ஏலத்தில் 3 கோடியே 81 இலட்சம் டாலருக்கு விற்கப்பட்டு, டெல் அவிவ் நகரின் அனு அருங்காட்சியகத்திற்கு வழங்கப்பெற்றது.

இச்சுவடியை உலகம் சசூன் பெயராலேயே அறியும். சிறப்பான அட்டவணை எழுதிய அவருக்கு அப்பெயர் தகும். ஆயினும் சலாமா ஏற்ற நிபந்தனையை நோக்கின் வேறொன்றும் புலனாகிறது. இச்சுவடி அவருக்கு உடைமையாகக் கொடுக்கப்படவில்லை. காப்புப் பொருளாகவே கொடுக்கப்பட்டது. திரும்பப் பெறவேண்டிய சமூகம் மறைந்தமையால் காப்புப்பொருள் காலப்போக்கில் விலைப்பொருளாயிற்று. உடைமைக் குறிப்பு எஞ்சியிராவிடின் இவ்வுண்மையை நாம் அறிந்திருக்க இயலாது.

இந்திய மண்ணில் இதற்கு ஒப்பான நிகழ்ச்சி கொச்சியில் நடந்தது. கிளாடியசு புக்கானன் 1806இல் கேரளத்தில் பயணம் செய்து எபிரேய, சிரியாக் சுவடிகளைத் திரட்டிக் கேம்பிரிட்சு பல்கலைக்கழகத்திற்கு வழங்கினார். அவற்றுள் செந்நிறம் ஊட்டிய தோலில் எழுதிய தோராச் சுருள் ஒன்றும் உண்டு. அதன் பாடத்தை ஒப்புநோக்கித் தாமசு ஈட்சு என்பவர் 1812இல் நூல் வெளியிட்டார். பாடவேறுபாடுகள் ஆராயப்பட்ட அளவிற்கு, அச்சுருளை ஓதிவந்த கொச்சி யூதர்கள் நினைக்கப்படவில்லை.

அரசன் பெயரும் நூற்கட்டின் சான்றும்: வெஸ்ட்மின்ஸ்டர் தல்மூத்

ஆண்ட்வெர்ப்பு நகரிலிருந்து வெனிசு வந்த கிறித்தவ அச்சகத்தார் டேனியல் பொம்பெர்க் 1519 முதல் 1523 வரை பாபிலோனியத் தல்மூத்தை முதன்முதலில் முழுமையாக அச்சிட்டார். அவர் வகுத்த தாளெண் முறையே இன்றளவும் எல்லாத் தல்மூத் பதிப்புகளிலும் பின்பற்றப்படுகிறது.

யூதர்கள் மீண்டும் இங்கிலாந்தில் குடியேறிய 300ஆம் ஆண்டு நிறைவையொட்டி 1956இல் இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஒரு கண்காட்சி நடைபெற்றது. அங்கு வைக்கப்பட்ட பொம்பெர்க் தல்மூத்தின் ஒரு தொகுதியை ஜாக் லன்சர் என்னும் தொகுப்பாளர் கண்டார். அது வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்திற்கு உரியது என்பதும், மீதித் தொகுதிகளும் அம்மடாலயத்திலேயே பழுதின்றி இருப்பதும் அறியவந்தன. விலைக்குத் தர மடாலயம் இசையவில்லை. ஏறத்தாழ 25 ஆண்டுகள் கழிந்தபின், மடாலயத்தின் பழைய சாசனம் ஒன்றின் 900 ஆண்டுத் தொன்மையுள்ள படியை லன்சர் வாங்கி அளித்து, அதற்கு ஈடாகத் தல்மூத்தைப் பெற்றார். அது அவர் பேணிய வால்மதோன்னா நூலகத்தின் தலையாய நூலாயிற்று. 2015 டிசம்பரில் 93 இலட்சம் டாலருக்கு மேல் விலைபோயிற்று.

இந்நூல் இங்கிலாந்துக்கு எவ்வாறு வந்தது? எட்டாம் ஹென்றி மன்னன் தன் மணமுறிவிற்கு யூதச் சட்டத்தில் ஆதரவு தேடி இதனை வரவழைத்தான் என்பது நெடுநாள் வழங்கிய செய்தி. மன்னனின் தூதர்கள் 1530ஐ ஒட்டி இத்தாலிய ரபிகளிடம் கருத்துக் கேட்டது வரலாற்றுண்மை. கைம்பெண்ணான அண்ணியை மணத்தல் பற்றிய விவிலிய விதிகள் அப்பொழுது பெரிதும் வாதிக்கப்பட்டன. அதனாற்போலும் அச்செய்தி எளிதில் நம்பப்பட்டது. ஆனால் நூற்கட்டு வேறு கதை கூறுகிறது. அக்கட்டு 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆக்ஸ்போர்டில் செய்யப்பட்டது. அச்சான்றின் வழிச் சென்ற ஆய்வாளர்கள், அந்நகரில் எபிரேயப் பேராசிரியராக விளங்கிய ரிச்சர்டு புரூவார்ன் என்பவரே முன்னை உடைமையாளர் என முடிவு கண்டனர்.

மன்னன் பெயர் நூலுக்குப் புகழ் தரும்; பேராசிரியர் பெயர் வரலாற்றுக்கு விளக்கம் தரும். 1290 முதல் யூதர் வெளிப்படையாக வாழ இயலாதிருந்த நாட்டில் எபிரேயக் கல்வி எந்நிலையில் இருந்தது என்பதற்கு இப்படி ஓர் ஆவணமாகிறது. நாள்தோறும் கற்பாரும், எரிக்க முனைவாரும் இல்லாத இடத்தில் இருந்தமையாலேயே இது பழுதின்றி நின்றது எனலாம். இத்தாலிய யூதர் இல்லங்களில் இருந்த இதன் உடன்படிகள் பல 1553இல் சாம்பலாயின என்பதையும் இதனோடு இணைத்து எண்ணுதல் வேண்டும்.

தொகுத்தோர் இருவகைப் பணி: ஓப்பன்ஹைம் நூலகம்

தொகுப்பு முயற்சி சிதறலுக்கு அணையாகவும் அமைந்தது. பிராகு நகரின் தலைமை ரபியாக விளங்கிய டேவிட் ஓப்பன்ஹைம் (1664-1736) எபிரேய நூல்களோடு மகளிரும் எளியோரும் படித்த இத்திஷ் மொழிச் சிறுநூல்களையும் விடாது திரட்டினார். தமக்கென நீலத்தாளிலும் தோல்தாளிலும் தனிப்படிகள் அச்சிடச் செய்தார். பிராகில் தணிக்கைக்கு அஞ்சித் தம் நூலகத்தை அனோவர் நகரில் மாமனார் இல்லத்தில் வைத்திருந்தார். அவர் மறைவுக்குப்பின் அது மரபினர் கைகளில் மாறி, ஹாம்பர்க்கில் பெட்டிகளில் கிடந்தது. பல பதின்மங்கள் விலைபேசியும் எவரும் கொள்ளாத நிலையில், ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகம் 1829இல் 9,000 தாலருக்கு அதனை வாங்கியது. ஏறத்தாழ 780 சுவடிகளும் 4,000க்கும் மேற்பட்ட அச்சுநூல்களும் அதில் இருந்தன. மோரிட்சு ஸ்டைன்ஷ்னைடர் உருவாக்கிய போட்லியன் எபிரேய நூலட்டவணைக்கு இத்தொகுப்பே பேரளவில் அடிப்படையாயிற்று.

இந்நூலகம் சிதறாது ஓரிடம் சேர்ந்தமையால், வேறெங்கும் கிடைக்காத சிறுநூல்கள் பல தப்பின. தொகுப்பாளரின் தன்னலமும் பெருமித உணர்வும் கூட நூலுலகிற்கு நன்மை பயக்கக்கூடும் என்பதற்கு இது சான்று. இதற்கு மாறாக, 19ஆம் நூற்றாண்டு முதல் அழகு கருதிப் பழங்கட்டை நீக்கிப் புதுத்தோல் பூட்டியோரும், ஓரங்களைச் செதுக்கியோரும், தாளைக் கழுவிப் பழங்குறிப்புகளைப் போக்கியோரும் உளர். எழுத்தில்லாத தூய தாளுக்கு அன்று மிகுந்த விலை கிடைத்தது. அவ்வாறு கழுவப்பட்ட தாளில் அச்செழுத்து எஞ்சியது. படித்தவர் பெயர் எஞ்சவில்லை.

முத்திரைகளும் மீட்பும்: ஒஃபன்பாக்கு கிடங்கு

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் உடைமைச் சான்றுகள் புதியதொரு முதன்மை பெற்றன. நாசிக் கட்சியின் ரோசன்பெர்க் பணிக்குழு ஐரோப்பா முழுவதும் யூத நூலகங்களைக் கொள்ளையிட்டது. 1941இல் பிராங்ஃபர்ட்டில் திறக்கப்பட்ட யூதர் பற்றிய நாசி ஆய்வு நிறுவனத்திற்கென இலட்சக்கணக்கான நூல்கள் கொண்டுசெல்லப்பட்டன. நூலை வைத்துக்கொண்டு நூலுடையாரைக் கொல்லுதல் அத்திட்டத்தின் இயல்பாயிருந்தது.

போர் முடிந்தபின் அமெரிக்கப் படையினர் 1946இல் ஒஃபன்பாக்கு நகரில் ஒரு கிடங்கை அமைத்து இந்நூல்களைத் திரட்டினர். 30 இலட்சத்திற்கும் மேற்பட்ட நூல்களும் ஆவணங்களும் இதன் வழிச் சென்றன. முதல் இயக்குநர் சீமோர் பொம்ரன்சு. அவரையடுத்து ஐசக் பென்கோவிட்சு பொறுப்பேற்றார். தரம்பிரித்த பணியாளருட் பெரும்பாலோர்க்கு எபிரேயம் தெரியாது. ஆதலின் பென்கோவிட்சு நூலக முத்திரைகளையும் உடைமைச் சீட்டுகளையும் புகைப்படமெடுத்துத் தொகுத்தார். ஒவ்வொரு பணியாளரும் சில முத்திரைகளின் வடிவை மட்டும் நினைவிற் கொண்டு, கடந்துசெல்லும் நூல்களில் அவற்றை இனங்கண்டு பிரித்தனர். இம்முறையால் ஆம்ஸ்டர்டாம், பாரிசு முதலிய நகரங்களின் நூலகங்களுக்கு நூல்கள் திரும்பின. நூலக எழுத்தர் ஒருவர் என்றோ பதித்த சிறு முத்திரையே மீட்புக்கு வழியாயிற்று.

எஞ்சிய நூல்களுக்கு உரியோர் இல்லை எனக் கொள்ளப்பட்டது. 1947இல் தோன்றிய யூதப் பண்பாட்டு மீட்டமைப்புக் கழகம், ஹன்னா அரெண்டைச் செயலராகக் கொண்டு, அவ்வகை நூல்கள் ஏறத்தாழ 5 இலட்சத்தை இசுரேல், அமெரிக்கா முதலிய நாடுகளின் நூலகங்களுக்குப் பகிர்ந்தளித்தது. அவற்றில் கழகத்தின் அடையாளச் சீட்டு ஒட்டப்பட்டது. 'உரியோரில்லா நூல்' என்பது நிருவாகச் சொல்லாட்சியே. அந்நூல்கள் பலவற்றில் உரியோர் பெயர் தெளிவாகவே இருந்தது. பெயர்க்குரியோரும் அவர்தம் மரபினருமே இல்லாதொழிந்தனர்.

மீளாத நூல்களும் உள. உரோமை யூதச் சமூகத்தின் நூலகத்தையும் ரபிக் கல்லூரியின் நூலகத்தையும் 1943 அக்டோபர், டிசம்பர் திங்கள்களில் ரோசன்பெர்க் குழுவினர் தொடர்வண்டிகளில் ஏற்றிச் சென்றனர். முதல் கொள்ளை நிகழ்ந்த இரண்டு நாட்களில், அக்டோபர் 16 அன்று, அந்நகர யூதர் ஆயிரவர்க்கு மேற்பட்டோர் சிறைபிடிக்கப்பட்டனர். கல்லூரி நூல்கள் பெரும்பாலும் போருக்குப்பின் திரும்பின. சமூக நூலகத்தின் ஏறத்தாழ 7,000 தொகுதிகளோ திரும்பவில்லை. இத்தாலிய அரசு 2002இல் அமைத்த குழு பல நாடுகளில் தேடியும் அந்நூலகத்தைக் கண்டறிய இயலவில்லை. முத்திரை வடிவங்கள் அறியப்பட்டுள்ளமையால், ஏதேனும் ஒரு நூலக அடுக்கில் அவற்றுளொன்று தென்படலாம் என்னும் எதிர்பார்ப்பு மட்டும் எஞ்சியுள்ளது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. உடைமைக் குறிப்புகள் நூலின் புறவணி அல்ல. வேறெவ்வகை ஆவணமும் எஞ்சாத குடும்பங்களுக்கும் ஊர்களுக்கும் அவையே பதிவுகள். செவிவழிச் செய்தி புகழ்பெற்ற பெயரை நாடும். நூற்கட்டும் கையெழுத்தும் உண்மையை நாட்டும். தணிக்கையாளர் கையொப்பமும் கொள்ளையர் அடுக்கிய பெட்டியும் கூட வரலாற்றுச் சான்றாக மாறவல்லன. எல்லாவற்றுக்கும் மேலாக, உடைமையை அறிதல் சில வேளைகளில் உரிமையை அறிதலாகவும் முடிகிறது.

இதனை உணர்ந்தே கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சார்ந்து 'அடிச்சுவடுகள்' என்னும் பொருள்படும் பெயருடைய கணினித் திட்டம் இயங்கி வருகிறது. யூத நூற்படி ஒவ்வொன்றும் எந்த ஆண்டில் எவ்வூரில் யாரிடம் இருந்தது என்பதை அது பதிந்து தொகுக்கிறது. தனித்தனியே சிறியனவாகத் தோன்றும் குறிப்புகள் ஒருங்கு சேர்க்கப்படும்போது சிதறிய நூலகங்கள் மீண்டும் உருப்பெறுகின்றன.

தொகுப்பாளர்க்கும் அட்டவணையாளர்க்கும் இதனால் விளையும் கடமை தெளிவானது. பழங்கட்டினைக் காத்தல், வெற்றுத்தாளின் கிறுக்கல்களையும் விடாது பதிதல், முத்திரையை மறையாது வெளியிடுதல், நூல் வந்த வழியை மறைக்காதிருத்தல் என்பன அக்கடமையின் கூறுகள். மக்கிசின் கூடத்தார் சலாமாவிடம் ஒப்படைத்தது போன்றே, அரிய நூல்கள் யாவும் இன்று அவற்றை வைத்திருப்போரிடம் ஒப்படைக்கப்பட்டவை என்று கருதுதல் பொருந்தும். முன்னை உடைமையாளரின் பெயரைத் தேடி எழுதிவைப்பது அவ்வொப்படைப்பை நிறைவேற்றுதற்கு இன்று நம்மால் இயன்ற வழியாகும்.